வெயிட்லிஸ்ட்ல 23-ஆ? டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் கிளாஸுக்குள் நுழையும் வழி

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பியது ஒரு கோயம்புத்தூர்ப் பொண்ணு. கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் முடித்துவிட்டு, இந்த செப்டம்பரில் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் ஒரு வளாகத்துக்கு, அதாவது ஒரு யுசி-க்கு, மூன்றாம் வருஷ மாணவியாக மாறப்போகிறாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அக்கா, நாலு கிளாஸ் போட்டேன். ஒண்ணுதான் கிடைச்சுது. மத்த மூணும் வெயிட்லிஸ்ட். ஒண்ணுல 23, ஒண்ணுல 8, ஒண்ணுல 2. அந்த 2 எப்படியும் கிடைச்சிடும், 23-ஐ விட்டுடலாமா? அப்பாகிட்ட சொல்லவே பயமா இருக்கு."

நானும் அதே வழியில் வந்தவள்தான். கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் ஒரு யுசி. படிப்பு முடிகிற வரைக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கான உதவி மையத்தில் பகுதி நேரமாக உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்தக் கேள்வியை ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவளுக்கு என் முதல் பதில்: 23-ஐ விடாதே, அது கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்த 2-ஐ நம்பாதே. அது ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்பதுதான் இன்றைய எபிசோட்.

அதற்கு முன்னால், சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு, ஆனாலும் யுசி கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் குறைவு. முதல் இரண்டு வருஷம் இங்கே, அடுத்த இரண்டு வருஷம் யுசி-யில் என்று போவது குறுக்கு வழி கிடையாது. 1960-இல் மாநில அரசு போட்ட மாஸ்டர் பிளானிலேயே இருக்கிற ராஜபாட்டை அது. இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்பது யுசி வைத்திருக்கும் இலக்கு. ஆக, டிரான்ஸ்ஃபர் மாணவர்களை வரவேற்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் பந்தி முக்கால்வாசி முடிந்திருக்கும்.

பந்திக்கு ஏன் பிந்துகிறோம்

காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்க. யுசி டிரான்ஸ்ஃபர் ரிசல்ட் வருவது ஏப்ரலில். எந்த வளாகம் என்று நீங்கள் உறுதி செய்ய ஜூன் 1 வரை நேரம். இதற்கிடையில் அந்த வளாகத்தில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் அடுத்த ஃபால் பருவத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுவார்கள். நமக்கு அந்தப் பக்கம் திறக்கும்போது ஜூன் கடைசி, ஜூலை, சில இடங்களில் ஆகஸ்ட்கூட ஆகிவிடும். சில வளாகங்களில் ஓரியண்டேஷன் அன்றைக்குத்தான் பாடம் பதிவு செய்ய முடியும். அங்கே எந்தத் தேதி ஓரியண்டேஷனைப் பிடிக்கிறோம் என்பதே பெரிய விஷயம். "ஆகஸ்ட்ல போய்க்கலாம், ஜூலைல ஊருக்குப் போறேன்" என்று சொன்ன எத்தனையோ பேருக்கு, ஊரிலிருந்து திரும்பும்போது பக்கம் முழுக்க வெயிட்லிஸ்ட்தான்.

"முதலாண்டு பசங்களுக்கும் இதே கதைதானே?" என்று கேட்கலாம். இல்லை. இங்கேதான் வித்தியாசம். ஒரு முதலாண்டு மாணவருக்கு வேதியியல் கிடைக்கவில்லையா, வரலாறு எடுப்பார், எழுத்துப் பயிற்சி எடுப்பார், ஏதோ ஒரு பொதுப்பாடத்தை எடுத்து அந்தப் பருவத்தை நிரப்பிவிடுவார். எப்படியும் எடுத்தாக வேண்டிய பாடங்கள்தானே. நாம் அந்தப் பொதுப்பாடங்களையெல்லாம் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்துவிட்டு வருகிறோம். ஐஜெட்ஸி என்று ஒரு பட்டியல் இருந்தது, 2025 ஃபாலில் இருந்து அதற்குப் பதில் கால்-ஜெட்ஸி. அதை முடித்தவர்கள் கையில் மிச்சம் இருப்பதெல்லாம் மேஜருக்கான மேல்நிலைப் பாடங்கள் மட்டும். நிரப்பிக்கொள்ள வேறு சரக்கே இல்லை! ஒழுங்காகத் திட்டமிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தவருக்குத்தான் இங்கே நெருக்கடி அதிகம். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற விஷயம் இது.

அதோடு நமக்கு இருப்பது இரண்டே வருஷம். ஒரு பாடத்தைத் தவறவிட்டால் அது இன்னொன்றை இழுக்கும். ஓர் உதாரணம். பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 170, அதாவது அல்காரிதம்ஸ், எடுக்க வேண்டுமென்றால் 61பி-யும் 70-உம் முடித்திருக்க வேண்டும். 70-க்கு ஈடான பாடம் உங்கள் பழைய காலேஜில் இல்லையென்றால், முதல் செமஸ்டரிலேயே அதற்குள் நுழைய முடிகிறதா என்பதுதான் அடுத்த ஒன்றரை வருஷத்தைத் தீர்மானிக்கும். குவார்ட்டர் முறை இருக்கும் வளாகங்களில் ஏ, பி, சி என்று மூன்று பகுதியாக வருகிற தொடர் பாடங்கள் உண்டு. ஏ ஃபாலில் மட்டும்தான் நடக்கிறது என்றால், அதை விட்டவருக்கு மொத்தத் தொடரும் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

23 என்பது எந்த வரிசையில் 23

நம் எல்லோருக்கும் ரயில் வெயிட்டிங் லிஸ்ட் தெரியும். அதனால் இதைப் புரிய வைப்பது எனக்கு சுலபம். நீலகிரி எக்ஸ்பிரஸில் ஜெனரல் வெயிட்டிங் லிஸ்ட் 40 சில நாள் தானாக கன்ஃபர்ம் ஆகும். அதே வண்டியில் பூல்டு கோட்டாவில் வெறும் 5 வைத்திருப்பவர் சார்ட் தயாராகிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஏனென்றால் எண் மட்டும் விஷயமில்லை. அது எந்தக் கோட்டாவின் எண் என்பதுதான் விஷயம். பல்கலைக்கழக வெயிட்லிஸ்டும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், டிக்கெட்டில் கோட்டா பெயர் அச்சாகி வரும். இங்கே நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஒதுக்கீட்டு இடங்கள். 120 பேர் உட்காரும் ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 இடம் அந்த மேஜரை ஏற்கெனவே டிக்ளேர் செய்தவர்களுக்கு, 20 இடம் புதிதாக வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு, மீதி 10 யாருக்கு வேண்டுமானாலும். இப்போது நீங்கள் வெயிட்லிஸ்டில் முதல் ஆளாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மேஜர் இன்னும் டிக்ளேர் ஆகவில்லையென்றால், டிக்ளேர் ஆனவர்களுக்கான இடம் நாலு காலியாக இருந்தாலும் சிஸ்டம் உங்களைத் தாண்டிப் போய் ஒன்பதாம் ஆளை உள்ளே எடுக்கும். "எனக்குப் பின்னால இருந்தவன் எப்படிப் போனான்?" என்று அழுதுகொண்டு வருபவர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான். பெர்க்லியின் பாடப் பட்டியல் இணையதளத்தில் ஒவ்வொரு வகுப்பின் பக்கத்திலும் எத்தனை இடம் யாருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றே போட்டிருக்கும். மற்ற வளாகங்களில் அது வகுப்புக் குறிப்பில் ஒரு சின்ன வரியாக இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஒதுக்கீடுகள் அப்படியே நிற்பதில்லை. தேவைப்பட்டவர்கள் எல்லாம் பதிவு செய்து முடித்த பிறகு, வகுப்புகள் தொடங்குவதை ஒட்டி, மிச்ச இடங்களைப் பொதுவில் திறந்துவிடும் துறைகள் உண்டு. எப்போது திறப்பீர்கள் என்று துறை ஆபீஸில் கேட்கலாம். அது நாகரிகக் குறைவான கேள்வி இல்லை.

அடுத்தது டிஸ்கஷன் செக்‌ஷன். பெரிய லெக்சரோடு 25, 30 பேர் கொண்ட சின்னக் குழு வகுப்பு ஒன்றும் சேர்ந்தே வரும். நீங்கள் வெயிட்லிஸ்டில் சேரும்போது ஒரு செக்‌ஷனைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்த செக்‌ஷன் நிரம்பிவிட்டால், லெக்சரில் 15 இடம் காலியானாலும் உங்களை உள்ளே விடாது. செவ்வாய் மதியம் 2 மணி செக்‌ஷனை எல்லோரும் கேட்பார்கள். காலை 8 மணி செக்‌ஷன் சும்மா கிடக்கும். காலை 8 மணியை எடுத்துக்கொள்ளுங்க. உள்ளே போன பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: செக்‌ஷனை மாற்றும்போது வரிசையில் உங்கள் இடம் போய்விடுமா என்பது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்க.

யூனிட் உச்சவரம்பு பலருக்குத் தெரியாமலே வேலையைக் காட்டும். பல வளாகங்களில் வெயிட்லிஸ்டில் இருக்கும் யூனிட்டையும் சேர்த்துத்தான் கணக்கு. உங்கள் உச்சவரம்பு 17.5, கையில் 14 யூனிட், காத்திருக்கும் பாடம் 4 யூனிட் என்றால், உங்கள் முறை வரும்போது மொத்தம் 18 ஆகிறது. சிஸ்டம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதற்கு ஸ்வாப் என்று ஒரு வசதி பல இடங்களில் இருக்கிறது. இது கிடைத்தால் அதை விட்டுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. மாற்றுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்க இதுதான் பாதுகாப்பான வழி. நேரம் மோதும் பாடம் ஏற்கெனவே கையில் இருந்தாலும் இதே கதைதான், அங்கேயும் ஸ்வாப்தான் மருந்து.

கடைசியாக, டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே இருக்கிற ஒரு வில்லன். உங்கள் பழைய காலேஜின் இறுதி மதிப்பெண் பட்டியல் யுசி-க்கு ஜூலை 1-க்குள் போக வேண்டும். போய்ச் சேர்ந்து, அதை ஒருவர் பார்த்து, ஒவ்வொரு பாடத்தையும் இங்குள்ள பாடத்துக்கு ஈடு என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதுவரை சிஸ்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் கால்குலஸே படிக்காத ஆள். முன்தேவைப் பாடம் இல்லையென்று உங்களை நிறுத்தி வைக்கும். என்னுடைய முதல் குவார்ட்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடம் ஒன்றில் நான் மூன்றாவது ஆள். ஒரு வாரத்தில் எனக்குப் பின்னால் இருந்த 11 பேர் உள்ளே போய்விட்டார்கள், நான் அப்படியே மூன்றில் நிற்கிறேன். துறை ஆபீஸ் கவுண்ட்டரில் கேட்டால் "சிஸ்டம் பார்த்துக்கும், காத்திருங்கள்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பழைய காலேஜின் மதிப்பெண் பட்டியலையும் அந்தப் பாடத்தின் சிலபஸையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்தத் துறையின் அட்வைசரைப் போய்ப் பார்த்தேன். அவர் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து, எங்கள் காலேஜின் அந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்று பார்த்தார். பத்து நிமிஷத்தில் தடையை நீக்கிவிட்டார். அன்று சாயந்தரமே கிளாஸுக்குள் போய்விட்டேன். அந்தப் பத்து நிமிஷ வேலைக்கு ஆள் யார் என்று தெரிந்துகொள்வதுதான் இதில் பாதி விஷயம்.

இப்போது கோயம்புத்தூர்த் தங்கையின் மூன்று எண்களுக்கு வருவோம். 23 என்பது கிட்டத்தட்ட 350 பேர் உட்காரும் லெக்சர். ஒருவரே நாலைந்து வெயிட்லிஸ்டில் பெயர் போட்டு வைப்பது இங்கே சகஜம். முதல் இரண்டு வாரத்தில் பெரிய வகுப்புகளில் இருந்து ஆட்கள் உதிர்ந்துகொண்டே இருப்பார்கள். வகுப்பின் அளவில் பத்தில் ஒரு பங்குக்குள் நம் எண் இருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம் என்பது நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அவள் பார்க்க வேண்டியது செக்‌ஷனை மட்டும்தான். 8 என்பது டிக்ளேர் செய்தவர்களுக்கு ஒதுக்கிய வகுப்பு. ஆக, அங்கே அவளுடைய வேலை வகுப்பைத் துரத்துவது இல்லை, மேஜர் டிக்ளேர் செய்யும் படிவத்தைத் துரத்துவது. அந்த 2 இருக்கிறதே, அது 18 பேர் கொண்ட செமினார். அங்கே உட்கார்ந்திருக்கிற 18 பேரும் விரும்பித்தான் வந்திருப்பார்கள். யாராவது இரண்டு பேர் எழுந்து போனால்தான் உண்டு.

ஒரு பாடத்தின் வெயிட்லிஸ்ட் போன வருஷங்களில் எப்படி நகர்ந்தது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பெர்க்லி மாணவர்களே உருவாக்கிய பெர்க்லிடைம் என்ற தளத்தில் பழைய பருவங்களின் பதிவு வரைபடம் இருக்கும். மற்ற இடங்களில் சீனியர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த வளாகத்துத் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஏதாவது இருந்தால், தீபாவளி பாட்லக்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீங்க.

யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது

எல்லோரும் முதலில் செய்வது பேராசிரியருக்கு மெயில். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ" என்று ஆரம்பித்து மூன்று பத்தி. நம் ஊரில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை, என்ன செய்வது! பெரிய துறைகளில் பேராசிரியருக்கு உங்களைச் சேர்க்கும் அதிகாரமே இருக்காது. வகுப்பின் கொள்ளளவு தீயணைப்பு விதிப்படி அறைக்கு நிர்ணயித்த எண். வரிசையைப் பார்த்துக்கொள்வது துறையின் அட்வைசரோ, கால அட்டவணை போடும் ஊழியரோ. அங்கே அவர்களுக்குத்தான் எழுத வேண்டும். சின்ன வகுப்பு, செமினார் என்றால் நேர்மாறு. அங்கே பேராசிரியர் சொல்தான் முடிவு. அவர் ஓர் அனுமதி எண் கொடுப்பார். யுசிஎல்ஏ-வில் அதை பிடிஇ என்பார்கள், டேவிஸில் பிடிஏ. அந்த எண்ணைப் போட்டால் நிரம்பிய வகுப்பும் திறக்கும்.

மெயில் ஆறு வரிக்கு மேல் போக வேண்டாம். தலைப்பில் பாடத்தின் எண்ணும் செக்‌ஷனும். உள்ளே மாணவர் எண், புதிய டிரான்ஸ்ஃபர், எந்தப் பருவத்தில் பட்டம் முடிக்க வேண்டும், இந்தப் பாடம் எந்த அடுத்த பாடத்துக்குத் தேவை. அப்புறம்தான் முக்கியமான வரி: "வெயிட்லிஸ்டில் இந்த இடத்தில் இருக்கிறேன். என்னைத் தடுப்பது ஒதுக்கீடா, முன்தேவையா, செக்‌ஷனா என்று சொல்ல முடியுமா? முன்தேவை என்றால் மதிப்பெண் பட்டியலை இணைத்திருக்கிறேன்." கவனிங்க, இதில் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எங்குமே கெஞ்சவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னால் "முடியாது, வரிசைப்படிதான்" என்று ஒரே வரியில் பதில் வரும். தடை எது என்று கேட்டால் அவர் உங்கள் பதிவைத் திறந்து பார்த்தாக வேண்டும். திறந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம், சார் மேடம் வேண்டாம். பேராசிரியரை "புரொஃபசர்" என்று குடும்பப் பெயரோடு அழைத்தால் போதும்.

12 யூனிட்

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்தவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை கேளுங்க. இளநிலை மாணவர்கள் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 12 யூனிட்டில் பதிவாகியிருக்க வேண்டும். வெயிட்லிஸ்டில் இருப்பது பதிவு ஆகாது. அந்தப் பொண்ணுக்குக் கையில் இருப்பது ஒரே பாடம், 4 யூனிட். மூன்று வெயிட்லிஸ்டும் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்து, கிடைக்காமல் போனால், பிரச்சினை படிப்போடு நிற்காது, விசா வரைக்கும் போகும். ஆன்லைன் பாடத்தால் நிரப்பிவிடலாம் என்று நினைக்காதீங்க. அந்த 12-க்குள் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் ஆன்லைன் வகுப்புதான், அதிலும் 3 யூனிட் வரைதான் கணக்கில் வரும். உண்மையிலேயே 12 சேராத நிலை வந்தால், பருவம் ஓடத் தொடங்கும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லிவிடுங்க. குறைந்த யூனிட்டுக்கு அனுமதி சில காரணங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், அதையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். பாடத்தை விட்டுவிட்டு அப்புறம் போய்ச் சொல்வது செல்லாது. உள்ளூர்க்காரர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கல்வி உதவித்தொகையை எத்தனை யூனிட்டில் பதிவாகியிருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவிடம் பேச உதவும். யுசி-யில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டுமே இப்போது வருஷத்துக்கு 34,000 டாலரைத் தாண்டுகிறது. ஒரு பாடத்துக்காக இன்னொரு குவார்ட்டர் தங்க நேர்ந்தால், அந்தக் கூடுதல் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11,000 டாலருக்கு மேல். வாடகை, சாப்பாடு எல்லாம் தனி. ஆகவே "அப்பா, மூணு கிளாஸ் வெயிட்லிஸ்ட்ல இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தூக்கம் போகும். "மூணு காத்திருக்கு, ஆனா 12 யூனிட்டுக்கு மாற்றுப் பாடம் கையில எடுத்து வெச்சிருக்கேன், இன்ன தேதிக்குள்ள தெரிஞ்சிடும்" என்று சொன்னால் அவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

மாற்றுப் பாடம் எப்படித் தேர்ந்தெடுப்பது? மேஜருக்கு உதவும் வேறு துறையின் பாடத்தைப் பாருங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் துறையில் இடம் இல்லாத ஒரு விஷயத்தைப் பொருளாதாரத் துறையோ உளவியல் துறையோ வேறு பெயரில் நடத்தும். அது ஈடாகுமா என்று அட்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க. விடுபட்ட பாடம் கீழ்நிலைப் பாடம் என்றால் கோடையில் மறுபடி கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம். மேல்நிலைப் பாடம் அங்கே கிடையாது, அதனால் சண்டையை அதற்காகச் சேமித்து வையுங்க. எந்தப் பாடம் இன்னும் இரண்டு பாடங்களின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறதோ, அதற்குத்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். பிடித்த பாடம், நல்ல பேராசிரியர் என்பதெல்லாம் ஸ்பிரிங்கில் பார்த்துக்கலாம்.

முதல் இரண்டு வாரம்

குவார்ட்டர் என்பது 10 வாரப் பாடம்தான். பெர்க்லியும் மெர்செடும் மட்டும் செமஸ்டர், மற்ற யுசி-க்கள் இளநிலையில் குவார்ட்டர். டேவிஸில் பாடம் சேர்க்கக் கடைசி நாள் பன்னிரண்டாவது வகுப்பு நாள். இரண்டு வாரமும் இரண்டு நாளும், அவ்வளவுதான். அதற்குள் இரண்டு வீட்டுப்பாடம் போயிருக்கும், நாலாம் வாரம் மிட்டெர்ம் வரலாம். ஆகவே பெயர் இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்து வகுப்பில் போய் உட்காருங்க. கேன்வாஸில் பார்வையாளராகச் சேர்க்கச் சொல்லி டீச்சிங் அசிஸ்டெண்ட்டிடம் கேளுங்க, பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். வீட்டுப்பாடத்தை நேரத்துக்கு முடித்துக் கையில் வையுங்க. சின்ன வகுப்புகளில் பேராசிரியர் அனுமதி எண் கொடுக்கும்போது முதலில் பார்ப்பது, தினமும் வந்து உட்கார்ந்த முகங்களைத்தான். முதல் நாள் வராதவர்களின் பெயரை நீக்கும் துறைகளும் உண்டு. அந்த இடம் அன்றைக்கே யாருக்காவது போகும்.

எப்போது வரிசை நகரும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். யூனிட் உச்சவரம்பு மாறும் அடுத்த கட்டப் பதிவு தொடங்கும் நாள், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம், முதல் வகுப்பு முடிந்த இரவு, பாடத்தை விடக் கடைசி நாளுக்கு முந்தைய இரவு. இந்த நாலு நேரத்தில்தான் பெரிய அசைவு இருக்கும். மற்ற நாளில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்வதால் கட்டைவிரல் மட்டும்தான் தேயும்.

இன்னொன்று, இதைச் சொல்ல யாருமே ஞாபகம் வைப்பதில்லை. கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டால், வெயிட்லிஸ்டில் இருந்து நீங்களே உங்கள் பெயரை எடுத்துவிடுங்க. அப்படியே விட்டுவைத்தால், வகுப்புக்குப் போவதை நிறுத்திய பிறகு ஒரு நாள் ராத்திரி சிஸ்டம் சத்தமில்லாமல் உங்களை உள்ளே சேர்த்துவிடலாம். பாடத்தை விடும் தேதியும் தாண்டிவிட்டால், உட்காராத வகுப்பில் பரீட்சை எழுதாமலே எஃப் விழும். பாடம் சேர்க்கும் கடைசி நாளையும் பாடத்தை விடும் கடைசி நாளையும் போன் காலண்டரில் தனித்தனியாகக் குறித்து வையுங்க. இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டேவிஸில் பல பாடங்களுக்கு விடும் நாள் பத்தாவது வகுப்பு நாள், சேர்க்கும் நாளுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்த வாரம் வாடகை வீடு. லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னவெல்லாம் படிக்க வேண்டும் என்று பேசலாம். கேள்விகளை வாய்ஸ் நோட்டாகவே அனுப்புங்க, கேட்க நல்லா இருக்கு.